ஸ்கீ சீசன் பாஸ்: நான்கு பேருக்கும் எடுப்பதா, விடுவதா?

மல்லிகைப்பந்தல்

வணக்கம் உறவுகளே. சுவிஸில் பேர்னுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. ஜனவரியில் மகள் பள்ளிக்கூட ஸ்கீ (பனிச்சறுக்கு) முகாமுக்குப் போய்வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவளைப் பார்த்து இவனும் தொடங்கிவிட்டான்.

பல ஸ்கீ இடங்களுக்கும் சேர்த்துச் செல்லும் மஜிக் பாஸின் முன்விற்பனை இப்போது நடக்கிறது. இந்த வாரத்தோடு முதல் விலை முடிந்து அடுத்த படிக்கு ஏறுகிறதாம். நான்கு பேருக்கும் எடுத்தால் ஆயிரத்து ஐந்நூறு பிராங் அளவில் வரும் போலிருக்கிறது. கணவர் உணவகத்தில் சமையல் வேலை. அவருக்குத் திங்களும் செவ்வாயும்தான் ஓய்வு. எனக்கு வார நாள்களில் வேலை. எங்கள் இருவருக்கும் ஸ்கீ தெரியாது.

"நாள் டிக்கெட் விலையால் வகுத்துப் பார், எட்டுத் தடவை போனால் லாபம்" என்கிறாள் வேலையிடத்துச் சுவிஸ் தோழி. வகுக்க எனக்கும் தெரியும். எட்டுத் தடவை போவோமா என்பதுதான் கேள்வி. எடுத்தவர்கள், எடுத்துவிட்டு அலுமாரியில் வைத்தவர்கள், இருசாராரும் சொல்லுங்கள்.

ஆரேக்கரை

அக்கா, வகுத்தலைப் பிறகு பார்ப்போம். முதலில் போன குளிர்காலத்து நாட்காட்டியை எடுத்து மேசையில் வையுங்கள்.

கிறிஸ்துமஸ் முதல் மார்ச் கடைசி வரை பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும். சனியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தமிழ் வகுப்பு, அது முடிந்தால் நடனமோ மிருதங்கமோ, பிள்ளை வீடு திரும்பப் பின்னேரமாகிவிடும். மிஞ்சிய ஞாயிறுகளில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமண வரவேற்பு என்று நம்மவர்கள் மண்டபம் எடுத்து வைத்திருப்பார்கள். பொங்கல் விழா ஒன்று. பிள்ளைகளில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும் வாரம் ஒன்று. மழை பெய்யும் ஞாயிறு இரண்டு. திங்கட்கிழமைப் பரீட்சை என்று மகளே வரமாட்டேன் என்று சொல்லும் நாளும் உண்டு. இதையெல்லாம் கழித்தபின் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் குளிர்காலம். கையிலிருப்பது ஐந்து ஞாயிறு என்றால் பாஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது உங்களுக்கு விலை கூடியதுதான்.

பிறகு வகுத்துப் பாருங்கள். பெரியவருக்கு 450 பிராங் என்று வைத்துக்கொள்வோம். மொலேசோன் போன்ற நடுத்தர இடத்தில் நாள் டிக்கெட் சுமார் 45 என்றால் பத்து நாள் போக வேண்டும். வில்லார், லே தியாப்ளெரே பக்கம் 65 என்றால் ஏழு நாள். ஆனால் தொடக்க ஆண்டில் வில்லாருக்கு ஏன் போகப் போகிறீர்கள்? அங்கே இருக்கிற நீளமான பாதைகளில் உங்களுக்கு வேலை இல்லை. அதனால் பெரிய இடத்து டிக்கெட் விலையை வைத்து லாபம் பார்க்க வேண்டாம். விற்பவர்கள் எப்போதும் அதைத்தான் வைத்துக் காட்டுவார்கள்.

வலே_வாசி

ஆரேக்கரை சொல்வது சரிதான், ஆனால் அரைவாசிதான் சரி.

இந்த மலிவு பாஸ் கதை எப்படித் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். 2016 இல் சாஸ்-ஃபேயில் வெறும் 222 பிராங்குக்குச் சீசன் பாஸ் விற்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஊரே அதிர்ந்தது. அதுவரை அந்தத் தரத்து இடமொன்றின் சீசன் பாஸ் அதைப்போலப் பல மடங்கு. அடுத்த ஆண்டு, 2017 இல், பிரெஞ்சு பேசும் பகுதியில் 25 இடங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து 359 பிராங்குக்கு மஜிக் பாஸைக் கொண்டுவந்தன. 2018 இல் ஆடெல்போடன்-லெங்க், கிஷ்டாட், யுங்ஃப்ராவ், ஹாஸ்லிபெர்க் நான்கும் சேர்ந்து 666 பிராங்குக்கு டாப் 4 பாஸ். மஜிக் பாஸ் இன்று பல மடங்கு பெருத்துவிட்டது. சாஸ்-ஃபேயே இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

அவர்கள் ஏன் இவ்வளவு முன்கூட்டியே, இவ்வளவு மலிவாக விற்கிறார்கள்? பனி விழுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே பணம் கைக்கு வந்துவிடுகிறது. அந்த ஆண்டு பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் லிப்ட் இயக்குபவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். பனி பொய்த்தால் வரும் இழப்பில் ஒரு பங்கு உங்கள் தோளுக்கு மாறுகிறது. அந்தச் சுமைக்குக் கூலிதான் இந்தத் தள்ளுபடி. தெரிந்துகொண்டு வாங்கினால் இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

பாஸின் உண்மையான பயன் வேறொன்று. நாள் டிக்கெட் எடுத்தவன் காலை எட்டரைக்கு முதல் லிப்டில் நிற்பான், நாலு மணிக்குக் கடைசி லிப்டில் ஏறுவான், இடையில் பிள்ளை அழுதாலும் "காசு கொடுத்திருக்கிறோம், இன்னும் ஒரு தடவை" என்று இழுத்துக்கொண்டு போவான். பாஸ் வைத்திருப்பவன் பதினொரு மணிக்குப் போய், இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டு, கால் குளிர்ந்தவுடன் வீட்டுக்கு வந்துவிடுவான். சின்னப் பிள்ளையோடு போகும்போது இந்தப் பதற்றம் இல்லாமல் இருப்பதற்கே நான் பாதி விலை கொடுப்பேன்.

இன்னொன்று, பாஸ் மே முதல் ஏப்ரல் வரை செல்லும். கோடையிலும் பல இடங்களில் கேபிள் காரில் ஏறலாம். ஸ்கீ தெரியாத பெற்றோருக்கு அதுதான் வரவு. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் எப்படியும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகத்தானே வேண்டும்?

நல்லூரான்

ஆயிரத்து ஐந்நூறு பிராங்குக்கு ஊரில் இரண்டு பிள்ளைகளை ஆண்டு முழுவதும் படிக்க வைக்கலாம். காலை உடைத்துக்கொள்ள ஒரு சந்தா வேறா?

ஆரேக்கரை

நல்லூரான் அண்ணா, போன வாரம் நீங்கள் எழுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி பற்றிக் கேட்ட இழைக்கு யாரும் இப்படிப் பதில் எழுதவில்லை.

பனிப்புகார்

பனியைப் பற்றி ஒருவரும் சரியாகப் பேசவில்லையே. 2022 டிசம்பர் கடைசியிலும் 2023 ஜனவரி முதல் வாரத்திலும் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? புத்தாண்டு அன்று ஜூரா மாநிலத்து டெலெமோனில் வெப்பநிலை 20 பாகையைத் தாண்டியது. தாழ்வான இடங்கள் பலவற்றில் லிப்ட் நின்றது. புல்வெளி நடுவே இயந்திரப் பனியில் ஒரு வெள்ளை நாடா, அதில் நூறு பேர் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். பள்ளி விடுமுறை முழுவதும் அப்படியே போனது.

உங்கள் பக்கத்துக் கிட்டிய இடங்களைப் பாருங்கள் அக்கா. லா பெரா, மொலேசோன். மொலேசோனின் அடிவாரம் 1100 மீற்றர், உச்சி 2000. 1500 மீற்றர் வரை பனிக்குப் பதில் மழை பெய்தால் கீழ்ப்பாதி போய்விடும். உயரம் வேண்டுமானால் கிரிமென்ட்ஸ்-சினால், சாஸ்-ஃபே. சாஸ்-ஃபே ஊரே 1800 மீற்றரில் இருக்கிறது, லிப்ட் 3500க்கு மேலே போகிறது. அங்கே பனிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேர்னிலிருந்து விஸ்ப் வரை ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு பஸ்ஸில் ஏறக்குறைய இன்னொரு மணி நேரம். ஸ்கீ, சப்பாத்து, இரண்டு பிள்ளைகள், சோற்றுப் பார்சல் எல்லாவற்றையும் காவிக்கொண்டு.

பாஸில் எத்தனையோ இடம் இருக்கிறது என்று மகிழ்வதில் பயனில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எத்தனை, அதில் 1500 மீற்றருக்கு மேலே எத்தனை என்று பாருங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வலே_வாசி

லுட்ச்பெர்க் அடிவார ரயில் சுரங்கம் 2007 இல் திறந்தபிறகு பேர்ன்காரர் சாஸ்-ஃபே இருக்கும் வலே மாநிலத்தைத் தூரம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் சப்பாத்து காவுவது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்.

தாதி_லுட்சேர்ன்

விலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். காப்பீட்டைப் பாருங்கள்.

வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது ஓரிடத்தில் வேலை செய்கிறவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் வேலையிடக் காப்பீடு இருக்கிறது. ஸ்கீயில் விழுந்தாலும் அதில் அடங்கும். பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகாதவருக்கும் அப்படியல்ல. அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டில் விபத்துப் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அடிப்படை மருத்துவக் காப்பீடு மீட்புச் செலவில் பாதியைத்தான் கொடுக்கும், அதுவும் ஆண்டுக்கு 5000 பிராங் வரை. ஹெலிகொப்டர் வந்தால் அந்தத் தொகை எவ்வளவு வேகமாக முடியும் என்று சொல்லத் தேவையில்லை. ஹெலிகொப்டரில் வந்து மீட்கும் ரேகா அமைப்பில் குடும்பமாக ஆதரவாளர் அட்டை எடுக்கலாம், ஆண்டுச் சந்தா ஒரு பிள்ளையின் ஸ்கீ வாடகையைவிடக் குறைவு.

இன்னொன்றையும் பாருங்கள். சீசன் நடுவில் கால் முறிந்தால் பாஸ் பணம் திரும்ப வருமா என்று வாங்குமுன் நிபந்தனைகளைப் படியுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் ஜனவரியிலேயே மகனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. பாஸ் விற்ற இடத்தில், தனிக் காப்பீடு சேர்த்து எடுத்திருந்தால்தான் தருவோம் என்று கையை விரித்துவிட்டார்கள். சேர்த்து எடுத்திருந்தால் சில பிராங்தான் கூடியிருக்கும்.

2020 மார்ச்சில் சமஷ்டி அரசு ஒரே நாளில் எல்லா இடங்களையும் மூடியதையும் நினைவில் வையுங்கள். அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வார்கள் என்பதும் அதே நிபந்தனைத் தாளில்தான் இருக்கும்.

இரவுச்சமையல்

நானும் சமையல்தான். உங்கள் கணவர் பற்றி ஒரு சொல், தங்கச்சி.

ஞாயிறு இல்லை என்று ஆரேக்கரை கணக்குப் போட்டார். எங்களுக்கு ஞாயிறு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மலை எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்காரருக்குத் தெரியாது. லிப்ட் வாசலில் வரிசை இல்லை. காலையில் இயந்திரம் வரி வரியாகச் சீவிவிட்ட பனி, பத்தரை மணிக்கும் அப்படியே கிடக்கும். புதிதாகப் பழகுகிறவனுக்கு முக்கியமானது இதுதான், பின்னால் வேகமாக எவனும் வருகிறானா என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நான் நாற்பது வயதுக்குப் பிறகுதான் பழகினேன். வெப்பமான அடுப்படியில் ஐந்து நாள் நின்றவனுக்கு அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அவருடைய திங்களும் செவ்வாயும் பிள்ளைகளுக்குப் பள்ளி. அதனால் "குடும்பமாக நான்கு பாஸ்" என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் நான்கு வேறு நாட்காட்டிகள். ஆளுக்கு ஆள் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்ன கடைசி வரியில் கொஞ்சம் நின்றுவிட்டேன். இதுவரை நான்காலேயே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். மகளுக்கு மட்டும் எடுத்துவிட்டு மகனை அவளோடு அனுப்பலாமா? அவளுக்கு வரும் குளிர்காலத்தில் பதின்மூன்று முடிந்திருக்கும்.

இரண்டாம்_தலைமுறை

அக்கா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் அந்தத் தம்பியாக இருந்தவன். அக்காவுக்கும் மகிழ்ச்சி இல்லை, எனக்கும் இல்லை.

பெற்றோர் பக்கத்துக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பதின்மூன்று வயதில் உங்கள் மகள் உங்களோடு ஸ்கீக்குப் போகப்போவதில்லை. வகுப்புத் தோழிகளோடு போவாள். ஞாயிறு காலை ஏழு மணி ரயிலில் ஐந்தாறு பேர் சேர்ந்து போவார்கள், ஆளுக்கொரு பாஸ் இருக்கும். "இந்த ஞாயிறு வருகிறாயா" என்று சனி இரவு செய்தி வரும். பாஸ் இருந்தால் "வருகிறேன்" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். இல்லையென்றால் அம்மாவிடம் அறுபது பிராங் கேட்க வேண்டும். நான்காவது தடவை கேட்கக் கூச்சமாக இருக்கும், "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிடுவாள். எங்கள் தலைமுறையில் "எனக்கு ஸ்கீ பிடிக்காது" என்று சொன்ன பலபேருக்கு உண்மையில் ஸ்கீ பிடிக்காமல் இல்லை.

பள்ளி முகாமுக்கு இப்போது எல்லாப் பிள்ளைகளும் போக முடிகிறது. 2017 டிசம்பரில் சமஷ்டி நீதிமன்றம், கட்டாய முகாமுக்குப் பெற்றோரிடம் நாளொன்றுக்கு அதிகபட்சம் 16 பிராங்தான் வாங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. முகாமில் எல்லோரும் ஒன்றுதான். முகாமுக்கு வெளியே யாரிடம் பாஸ் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதில் பிரிவு வந்துவிடுகிறது.

பனிப்புகார்

தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோழிகள் எங்கே போகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டாமா? பேர்ன் பிள்ளைகள் பலர் ஆடெல்போடனுக்கோ கிரின்டெல்வால்டுக்கோ போகிறவர்கள். அது டாப் 4 பாஸ் செல்லும் பக்கம். மஜிக் பாஸ் அங்கே செல்லாது. எல்லோரும் ஆடெல்போடனில் சறுக்கும்போது இவள் மட்டும் மொலேசோன் பாஸை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

இரண்டாம்_தலைமுறை

இதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆமாம், அதுதான் முதல் கேள்வி. மகளிடம் இன்றே கேளுங்கள்.

ஆரேக்கரை

மகன் விடயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயதுத் தொடக்கக்காரனுக்குப் பாஸ் வீண். அவனுக்கு வேண்டியது ஒரு சின்ன மேடு. கந்திரிஷ் பக்கம், எரிட்ஸ் பக்கம் ஊர் லிப்ட்கள் இருக்கின்றன. பனி கீழே வரை விழுந்த ஞாயிறுகளில் மட்டும் இயங்கும். பழகும் இடத்தில் பிள்ளைகளை மேலே ஏற்றும் ஓடும் கம்பளத்துக்குப் பல இடங்களில் காசே இல்லை, அல்லது மிகக் குறைவு.

நீங்களும் கூடப் போவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் லிப்ட்களில் இருப்பது பெரும்பாலும் கம்பி இழுக்கும் நங்கூர வகை. தலைகீழ் T வடிவக் கம்பு ஒன்று வந்து இருவருக்கும் பின்னால் கொளுவும். அதில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கயிறு நீண்டு இருவரும் தரையில். நின்றபடி இழுபட வேண்டும். தாயும் பிள்ளையும் சேர்ந்து ஏறும்போது, உங்கள் தொடைக்குக் கீழே வரும் கம்பு அவனுக்கு முதுகில் இருக்கும். அவனுக்குச் சரியாக வைத்தால் உங்கள் முழங்காலை மடக்கும். முதல் நாள் இருவரும் விழுவீர்கள், பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டு உருண்டு ஒதுங்குங்கள், அவ்வளவுதான். உங்கள் உயரத்தில் இன்னொருவரோடு நீங்கள் ஏறி, அவனை அவன் உயரப் பிள்ளையோடு ஏற்றினால் சிக்கல் பாதி தீரும்.

பாஸில் மிச்சம் பிடிக்கும் காசை அவனுக்கு ஸ்கீப் பாடசாலையில் போடுங்கள். ஐந்து நாள் ஒழுங்கான ஆசிரியரிடம் பழகிய பிள்ளை, மூன்று குளிர்காலம் அப்பா கத்திக் கத்திப் பழக்கிய பிள்ளையைவிட நன்றாக நிற்கும். ஸ்கீயையும் சப்பாத்தையும் வாங்காதீர்கள். சீசன் வாடகைக்கு இலையுதிர்காலத்திலேயே பதியுங்கள், ஜனவரியில் அவன் அளவுச் சப்பாத்து கிடைக்காது.

தாதி_லுட்சேர்ன்

சப்பாத்து பற்றி ஒரு சொல்: கால் வளரும் என்று ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டாம். தீபாவளிச் சட்டை வாங்குவது போலல்ல இது. உள்ளே கால் ஆடினால் ஸ்கீ திரும்பாது. இரண்டு சோடி காலுறையும் போடவேண்டாம், மடிப்பு விழுந்த இடத்தில் தோல் உரியும்.

நல்லூரான்

சரி, நானும் ஒன்று உருப்படியாகச் சொல்கிறேன். மேலே உணவகத்தில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்குப் பொரியலும் குளிர்பானமும் வாங்கினால் பாஸில் மிச்சம் பிடித்தது போய்விடும். பல இடங்களில் கொண்டுபோன உணவைச் சாப்பிட அறை இருக்கிறது. ரோல்ஸும் தேநீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். ரயிலுக்குப் பிள்ளைகளுக்கு யூனியர் அட்டை எடுங்கள், ஆண்டுக்கு 30 பிராங், உங்களோடு வரும்போது வேறு டிக்கெட் வேண்டாம்.

ஆரேக்கரை

அண்ணா மனம் மாறிவிட்டார்!

நல்லூரான்

மாறவில்லை. பேரப்பிள்ளைகள் போகிறார்கள். பைக்குக் காவல் நான்தான்.

மல்லிகைப்பந்தல்

மகளிடம் கேட்டேன். நெருங்கிய தோழிகள் மூவரும் லெய்சானுக்கும் தியாப்ளெரேக்கும் போகிறவர்களாம். ஒருத்தியின் பெரியம்மா வீடு அங்கே இருக்கிறதாம். ஆகவே மஜிக் பாஸ்தான். "ஏன் இதுவரை சொல்லவில்லை" என்றதற்கு "நீங்கள் கேட்கவில்லையே" என்றாள்.

நாட்காட்டியையும் எடுத்துப் பார்த்தேன். எனக்கும் மகனுக்கும் ஐந்தாறு ஞாயிறு மிஞ்சினால் பெரிது. அதில் இரண்டை என் தங்கை மகளின் சாமத்தியவீடு இப்போதே பிடித்து வைத்திருக்கிறது, ஒன்று விழாவுக்கு, ஒன்று களைப்பு ஆற. எங்கள் இருவருக்கும் பாஸ் இல்லை. அவனைப் பெப்ரவரி விளையாட்டு விடுமுறையில் ஸ்கீப் பாடசாலையில் விடுகிறேன். அந்த நாள்களுக்கு இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் விலை குறைகிறது என்று பார்த்தேன்.

நேற்றிரவு கணவர் வேலை முடிந்து வந்து இந்த இழையை முழுதாகப் படித்தார். இரவுச்சமையல் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. காலையில் எழுந்தால் கணினியில் பெரியவர் பாஸ் ஒன்று கூடைக்குள் கிடக்கிறது. "உங்களுக்கு ஸ்கீ தெரியாதே" என்றேன். "செவ்வாய்க்கிழமை யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார்.

ஆக இரண்டு பாஸ். மகளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. தாதி அக்கா சொன்ன காப்பீட்டையும் இரண்டுக்கும் சேர்த்துவிட்டேன். ரேகா சந்தாவும் கட்டியாயிற்று.

வலே_வாசி

நல்ல முடிவு. அவரை மே மாதத்திலிருந்தே கேபிள் காரில் ஏற்றுங்கள், நவம்பர் வரை சும்மா வைத்திருக்க வேண்டாம்.

இரவுச்சமையல்

தங்கச்சி, அவருடைய எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள். டிசம்பர் இரண்டாம் செவ்வாய், பனி இருந்தால் மொலேசோன். முதல் நாள் ஆசிரியர் வைத்துத்தான் ஏற வேண்டும், நான் பழக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

சொல்லிவிட்டேன். "சரி" என்றார். கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: புதிய அட்டைக்குக் காசு கேட்கிறது. ரயிலுக்கு வைத்திருக்கும் சுவிஸ்பாஸ் அட்டையில் ஏற்ற முடியாதா?

ஆரேக்கரை

பல இடங்களில் முடியும். வாங்கும்போது சுவிஸ்பாஸ் எண் கேட்கும் கட்டம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அங்கே கொடுங்கள். அட்டையை இடதுபக்கப் பையில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியோடு சேர்த்து வைத்தால் வாசல் திறக்காமல் நிற்கும்.